நீக்கச் சொன்ன பத்தியும் சேர்த்து, பிரிச்சுப்போடு அக்காவுக்கு

விடியுமுன் கல்லூரி வளாகம் வந்து வியர்வையால் வாசல் தெளித்தவரே! குப்பையைக் கண்டு முகம் சுளிக்காதவரே, குப்பையாகப் பேசியவர்களைக் கண்டு வாய் மூடாதவரே! மாணவர் நாவில் ‘பிரிச்சுப்போடு அக்கா’ என்று பட்டம் பெற்றுப் பட்டதாரிகளுக்கே பாடம் நடத்திய எங்கள் மேற்பார்வையாளரே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று ஓய்வு பெறும் உங்களை, துப்புரவுப் பிரிவினராகிய நாங்கள் தலை நிமிர்ந்து வாழ்த்துகிறோம்.

பாராட்டு மடல் என்றால் பாராட்டப்படுபவரின் பெருமையைச் சொல்வார்கள். நாங்கள் முதலில் எங்கள் தப்பைச் சொல்கிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்த வளாகத்தில் இடத்துக்கு இரண்டு தொட்டிகள் வந்தன. தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நீலம், சாப்பாட்டு மிச்சத்துக்குப் பச்சை. சுவரெல்லாம் சுவரொட்டி, மாதமொரு சொற்பொழிவு. அடுத்த ஆண்டு ஒரு பேராசிரியர் கணக்கெடுப்பு நடத்தி, மாணவர்க்கு விழிப்புணர்வு இருக்கிறது, விருப்பம்தான் இல்லை என்று இதே மேடையில் நடந்த கருத்தரங்கில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம், வெட்கங்கெட்டு.

நீங்கள் தட்டவில்லை. மறுநாள் நூலக வாசலில் ஒரு மாணவியை நிறுத்தி, “ஏம்மா, தெரிஞ்சும் ஏன் எல்லாத்தையும் ஒண்ணாப் போடுறீங்க?” என்று கேட்டீர்கள். அவள் பயப்படாமல் சொன்னாள்: “நாங்க பிரிச்சுப் போட்டு என்னக்கா ஆகப்போகுது? உங்க வண்டியில எல்லாம் ஒண்ணாத்தானே போகுது. ஹாஸ்டல் மாடி ஜன்னல்லேர்ந்து தினமும் விடிகாலையில பாக்குறோமே.”

உண்மைதான். இரண்டு தொட்டியையும் ஒரே தள்ளுவண்டியில் கவிழ்த்தவர்கள் நாங்கள். இரண்டு நடை நடக்கச் சோம்பல், கேட்பாரும் இல்லை. அன்று எங்களை வரிசையாக நிறுத்தி வைத்து வசைமாரி பொழிவீர்கள் என்று நடுங்கினோம். “பிள்ளைங்க மேல தப்பில்லப்பா, நம்ம மேலதான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, உங்களையும் அந்த ‘நம்ம’வில் சேர்த்துக்கொண்டீர்கள். அது சுட்டதுபோல் எந்தத் திட்டும் எங்களைச் சுட்டதில்லை.

பட்டறைத் தச்சரிடம் உடைந்த பெஞ்சுப் பலகை வாங்கி வண்டிக்கு நடுவே தடுப்பு அடித்தீர்கள். ஆளில்லாத விடியலில் ஓட்டிய வண்டியை, இடைவேளை மணி அடித்ததும் நூலகப் படிக்கட்டுக்கு எதிரே ஓட்ட வைத்தீர்கள். “அவங்க கண்ணு முன்னாடி கொட்டுங்க, பாக்கட்டும்” என்றீர்கள். பார்த்தார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் நீலத் தொட்டியில் எச்சில் இலை காண்பது அரிதாயிற்று. வேதியியல் கூடத்துக்குப் பின்னால் நீங்கள் கேட்டு வாங்கிய தகரக் கொட்டகையில் தாள் ஒருபுறம், புட்டி ஒருபுறம் எனப் பிரித்தெடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பினோம்.

அதற்கடுத்த கருத்தரங்கில் இந்த மாற்றம் முழுவதும் சுவரொட்டிகளின் சாதனை என்றார்கள். நீங்கள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தீர்கள். “பிள்ளைங்களுக்கு மனசில்லன்னு போன தடவ எழுதுனீங்களே சார், அத அடிச்சிட்டு, நாங்க கலந்து கொட்டுனோம்னு எழுதுங்க” என்றீர்கள். நிறுவனத்தின் பெயரைக் கெடுத்ததாக விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற தாளை வீணாக்குவானேன் என்று, அந்த மெமோவின் முதுகிலேயே பதில் எழுதி அனுப்பினீர்கள். அதற்கும் ஒரு மெமோ வந்தது. அதன் முதுகும் உங்களிடமிருந்து தப்பவில்லை.

இனி வருவது, இம்மடலின் வரைவை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த அலுவலகம் சிவப்பு மையால் அடித்துத் தந்த பத்தி. அடித்ததால் அதைச் சற்று உரக்கவே படிக்கிறோம். வரும் திங்கட்கிழமை முதல் ஒப்பந்ததாரர் லாரி வந்து எல்லாக் குப்பையையும் ஒன்றாக அள்ளிப் போகுமாம். கொட்டகையை இடித்து மகிழுந்து நிறுத்துவார்களாம். தொட்டிகள் மட்டும் இரண்டாகவே நிற்குமாம், விருந்தினர் பார்வைக்கு. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் கேட்டுக்கொள்ளட்டும்: பிரித்துப் போடும் பிள்ளைகளின் கண்ணெதிரே இனி ஒருநாளும் கலந்து கொட்ட மாட்டோம். ஒருமுறை அவர்களை ஏமாற்றினோம், போதும். ஒருவர் பெயரில் மெமோ வருமானால் பதினேழு பேருக்கும் சேர்த்து அடியுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

அக்கா, எங்களில் ஒருவரும் உங்களிடம் இதைச் சொன்னதில்லை: உங்களிடம் வேலை பார்த்ததால்தான் எங்கள் வேலையைப் பற்றி வீட்டில் பேச எங்களுக்கு வாய் வந்தது. மூட்டுவலி தீர்ந்து, கண் நிறையத் தூங்கி, பேரன் பேத்தியோடு நூறாண்டு நலமாக வாழுங்கள்.

கொட்டகைச் சாவியை இன்று மாலைக்குள் ஒப்படைக்கும்படி உங்களுக்குக் கடிதம் வந்திருப்பது தெரியும். மறுக்காமல் ஒப்படைத்துவிடுங்கள், உங்களுக்குச் சேரவேண்டிய எதுவும் அதனால் தடைபடக் கூடாது. பூட்டை நாங்கள் இன்று காலையே மாற்றிவிட்டோம்.

இங்ஙனம்,
ஒருவர் விடாமல் கையொப்பமிடும்
துப்புரவுப் பிரிவினர் பதினேழு பேர்