ஏரி நடுவுல வீடு

மனைவி: மேப்பை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க... ஐயோ, அவ்வளவு வேணாம். ஓட்டை தெரியுது!

கணவன்: வலது பக்கம் தள்ளினா மேஜை ஆடுது, இடது பக்கம் தள்ளினா ஓட்டை தெரியுது. நான் என்னதான் பண்றது?

மனைவி: பேசாம பிடிங்க. ஓனர் கேட்டைத் திறந்துட்டார்.

கணவன்: சுவத்துல ஆணி அடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னார் அந்த மனுஷன். ஒரே ஒரு ஆணின்னு நீ ஆரம்பிச்ச. தட்டு அளவுக்குக் காரை பேந்துக்கிட்டு வந்துடுச்சு.

மனைவி: நான் என்ன கனவா கண்டேன்? பெயிண்ட் வாசனை ஆகலை, தரையெல்லாம் கறைன்னு ஏற்கெனவே மூணு வீட்டுல அனுப்பிட்டாங்க. இதையும் காலி பண்ணச் சொன்னா... இந்த மாதிரி ஜன்னல் வெளிச்சத்துக்கு நான் எங்க போவேன்?

கணவன்: இந்த மேப் டாக்டர் வீட்டு ஹாலுக்குப் போகவேண்டியது. அந்தம்மா நேத்து கூட போன்ல...

மனைவி: ஃப்ரேமுக்குக் கண்ணாடி இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன். ஷ்ஷ்... வாங்க சார், வாங்க!

வீட்டு ஓனர்: குழாய் சொட்டுதான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்மா.

கணவன்: செவ்வாய்க்கிழமையும் பார்த்தீங்களே சார்...

வீட்டு ஓனர்: இன்னொரு தடவை பார்த்தா தேய்ஞ்சா போயிடும்?

மனைவி: முதல்ல உட்காருங்க சார். நாங்க வீடு பார்க்க வந்த அன்னைக்கும் நீங்க உட்காரவே இல்லை. அரைமணி நேரம் அந்தச் சுவத்துல சாஞ்சபடியே பேசினீங்க. இவ்வளவு பொறுமையான ஓனர் எங்க கிடைப்பார்னு அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேன்.

வீட்டு ஓனர்: ம்... அது கிடக்கட்டும். இந்த மேப்... நீங்களே வரைஞ்சதா?

மனைவி: ஆமா சார். இருநூறு வருஷத்துக்கு முன்னால நம்ம ஊர் இருந்த இருப்பு. பழைய மேப்பைப் பார்த்து, கோடு பிசகாம கையாலயே வரைஞ்சு வண்ணம் தீட்டறது. ஹால்ல மாட்டறதுக்கு ஆசையா வாங்கறாங்க.

வீட்டு ஓனர்: இதுல நம்ம வீடு எங்க வருது?

மனைவி: அது... இங்க சார். அப்போ இந்தத் தெருவே கிடையாது.

வீட்டு ஓனர்: நீலமா இருக்கே.

மனைவி: ஏரி சார்.

வீட்டு ஓனர்: கரையா, நடுவுலயா?

கணவன்: கொஞ்சம் ஆழமாத்தான்...

மனைவி: நீங்க சும்மா இருங்க!

வீட்டு ஓனர்: ஏம்மா, அந்த நீலத்து மேல லேசா ஒரு பச்சை அடிச்சா என்ன? தோப்புன்னு வெச்சுக்குவோமே.

மனைவி: ஒரு வாய்க்காலைக்கூட நகர்த்தமாட்டேன் சார். நகர்த்திட்டா அப்புறம் அது என்ன மேப்?

வீட்டு ஓனர்: அப்போ இங்கேருந்து எடுத்துடுங்க.

மனைவி: ஐயோ, வேணாம் சார்! வந்து... பெயிண்ட் காயலை.

வீட்டு ஓனர்: பத்து நாளாவா காயலை?

கணவன்: மழைக்காலம் பாருங்க சார், ஒரே ஈரம்...

வீட்டு ஓனர்: ஈரம்னு இழுத்துச் சொல்றியா? எனக்குப் புரியாதுன்னு நினைச்சியா? தள்ளுப்பா, நானே எடுக்கறேன்.

மனைவி: சார்... சார், மெதுவா...

வீட்டு ஓனர்: என்னம்மா இது, மேப்புக்குப் பின்னால இவ்வளவு பெரிய ஓட்டை?

மனைவி: சொல்லிடறேன் சார். ஒரே ஒரு ஆணிதான் அடிச்சேன். அப்படியே பேந்துக்கிட்டு வந்துடுச்சு, உள்ளெல்லாம் தண்ணியா ஊறிக்கிடக்கு. காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயந்துபோய் மேப்பை வெச்சு மறைச்சேன். பத்து நாளா எனக்குச் சோறு இறங்கலை.

வீட்டு ஓனர்: மறைக்கவா வெச்சீங்க? என்னைக் குத்திக்காட்ட இல்லையா?

மனைவி: உங்களையா? நாங்க எதுக்கு சார்...

வீட்டு ஓனர்: அப்பாடா! அந்த நாற்காலியை இப்படிப் போடுங்க. உட்கார்ந்துக்கறேன்.

கணவன்: சார், என்ன ஆச்சு? தண்ணி கொண்டுவரவா?

வீட்டு ஓனர்: ஒண்ணும் இல்லப்பா. வாசல்லேருந்து அந்த ஏரியைப் பார்த்த அன்னைலேருந்து எனக்கும் தூக்கம் போச்சு. விஷயம் தெரிஞ்சுபோச்சு, வாயால கேட்காம படம் போட்டுக் கேட்கறாங்கன்னு நினைச்சேன்.

கணவன்: அப்போ குழாய்?

வீட்டு ஓனர்: குழாய் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே கொத்தனாரைக் கூட்டிட்டு வரேன், முழுசாச் சுரண்டிப் பூசிடலாம். காலி பண்ற பேச்சை மட்டும் எடுக்காதீங்க.

மனைவி: இப்பத்தான் சார் உயிரே வந்துச்சு! ஏங்க, டாக்டர் வீட்டுக்குப் போனைப் போடுங்க, கண்ணாடி வந்துடுச்சுன்னு... ஆனா சார், என்ன விஷயம் எங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு பயந்தீங்க?

வீட்டு ஓனர்: நீங்க வீடு பார்க்க வந்த அன்னைக்கு அரைமணி நேரம் நான் ஏம்மா இந்தச் சுவத்தை விட்டு நகரலை? ஏரி இருந்த இடமாச்சே, வருஷா வருஷம் இதுல ஓதம் ஏறும். காலையில அடிச்ச பெயிண்டையும் மீறி ஈரம் தெரிஞ்சுது, முதுகாலதான் மறைச்சேன். போகும்போது என் சட்டையைப் பின்பக்கம் பார்த்திருந்தீங்கன்னா, எனக்கும் பெயிண்ட் காயலைன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.