மும்பைய ஆஃப் பண்ணப் போற அண்ணன்

காலங்காத்தால ட்ரெயின்ல ஒருத்தர் "இன்னிக்கு நானே மும்பைய ஆஃப் பண்ணப் போறேன்"னு சொன்னா நீ இன்னா பண்ணுவ? நான் இயர்போன கழட்டிட்டேன். எதிர் சீட்ல ஆவடில ஏறின புருஷன் பொண்டாட்டி. அண்ணன் கழுத்துல ஐடி கார்டு.

"இன்னா மாமா ஒளர்ற?"

"நாங்க பாத்துக்கற ஆஸ்பத்திரி ஆப் மும்பை சர்வர்ல ஓடுது. ஹைதராபாத்ல அதே மாதிரி இன்னொண்ணு ரெடியா கீது. மும்பைய வேணும்னே நிறுத்திட்டு, ஹைதராபாத் தானா எடுத்துக்குதான்னு பாக்கணும். எடுக்கலன்னா என்னக் கிழிச்சிடுவாங்க."

"ரெண்டையும் மும்பைலயே வெச்சா இன்னா?"

"லூசு, அங்க வெள்ளம் வந்தா ரெண்டும் சேந்து பூடும்டி."

அக்கா சட்டுனு அவர் பக்கம் திரும்புனாங்க.

"நம்ம ஊட்டு ரெண்டாவது சாவி எங்க மாமா?"

"மொத சாவி, வண்டி சாவி, எல்லாம் ஒரே வளையத்துலதான்."

"வளையம்?"

அண்ணன் பாக்கெட்டத் தடவுனாரு. பையத் தடவுனாரு. "ஆவடி ஸ்டாண்டுல வண்டிலயே உட்டுட்டேன் போலடி."

"மத்தியானம் பாப்பா ஸ்கூல் உட்டு வந்து தெருவுலயா நிப்பா?"

"நான் எறங்கிப் போறேன்."

"நீ போய் மும்பைய ஆஃப் பண்ணு. நான் லீவு போட்டுக்கறேன். இன்னிக்கு உனக்கு நான்தான் ஹைதராபாத்."

தலையில ஒரு குட்டு வெச்சிட்டு, சாப்பாட்டு டப்பாவ அவர் மடில வெச்சிட்டு, அக்கா திருமுல்லைவாயில்ல எறங்கிட்டாங்க.

இப்ப ட்ரெயின் அம்பத்தூர்ல நிக்குது. அண்ணன் பக்கத்து சீட்டு காலியா கீது.