அந்தச் சுவர் மட்டும் வெள்ளை

வெர்னெட்டா: ...அது கிடக்கட்டும், இந்த வீட்ல உனக்கு முன்னாடி இருந்தவ கதை தெரியுமா?

ஷெரெல்: நான் இன்னும் குடியே வரலைங்க. வீட்டைச் சோதிக்க வர்ற இன்ஸ்பெக்டருக்காக வாசப்படியில உக்காந்திருக்கேன்.

வெர்னெட்டா: அதான் பார்த்தேன். காலையிலேர்ந்து ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நான் வெர்னெட்டா. பக்கத்து வீடு என் தங்கச்சியோடது. அதுல சோபா மட்டும் என்னுது.

ஷெரெல்: நான் ஷெரெல், மிஸ் வெர்னெட்டா.

வெர்னெட்டா: இன்ஸ்பெக்டர்னா... வவுச்சரா?

ஷெரெல்: ஆமா.

வெர்னெட்டா: வாடகையில முக்கால்வாசி கவர்மென்ட் கட்டும். லாட்டரி விழுந்திருக்கு உனக்கு.

ஷெரெல்: விழுந்த லாட்டரிய வாங்கிக்கத்தான் ஆள் இல்ல. வீட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணா, "வாங்க, வந்து பாருங்க"ங்கறாங்க. வவுச்சர்னு சொன்னதும், "அடடா, இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டாரு."

வெர்னெட்டா: இந்த பால்டிமோர்ல அந்த ஒருத்தருக்கு எத்தனை வீடு பாரேன். எங்கதான் தூங்குவானோ.

ஷெரெல்: சிரிப்பு வருது உங்களுக்கு. வீடு தேட எனக்குக் குடுத்த தவணை வெள்ளிக்கிழமையோட முடியுது. இந்த வீடு பாஸாகலன்னா வவுச்சரைத் திருப்பி வாங்கிக்குவாங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து வரிசை.

வெர்னெட்டா: வவுச்சர் ஆபீஸ்காரன் புதுப் பேர் எழுதிக்கிட்டாத்தானே வரிசையில நிக்கறதுக்கு... இப்ப எங்க இருக்க?

ஷெரெல்: சொந்தக்காரங்க வீட்ல.

வெர்னெட்டா: கார்ல போர்வையும் தலகாணியும் கெடக்கு. பள்ளிக்கூடப் பை வேற.

ஷெரெல்: துணி துவைக்க எடுத்துட்டுப் போறேன்.

வெர்னெட்டா: சரி கண்ணு, நான் எதையும் பார்க்கல. மூச்சு பம்ப்பு யாருக்கு? உனக்கா, புள்ளைக்கா?

ஷெரெல்: காரைச் சுத்தி வந்து பார்த்தீங்களா?

வெர்னெட்டா: நாயைக் கூட்டிக்கிட்டு நடந்தேன்.

ஷெரெல்: நாய் எங்க?

வெர்னெட்டா: அது செத்து வருஷமாச்சு. நடக்கற பழக்கம் மட்டும் விடல.

ஷெரெல்: ...பையனுக்கு. ஜமீர். ரெண்டாம் கிளாஸ். குளிர்ல கார்க் கண்ணாடிய மூடிட்டுப் படுத்தா இழுக்குது அவனுக்கு.

வெர்னெட்டா: ம்... முழங்கையில என்ன வெள்ளையா?

ஷெரெல்: எங்க?... பவுடரா இருக்கும்.

வெர்னெட்டா: நகத்துலயும் பவுடரா? வீட்டுக்குள்ளேர்ந்து வேற பெயிண்ட் வாசனை தூக்குது.

ஷெரெல்: வீட்டுக்காரர் அடிச்சிருப்பாரு.

வெர்னெட்டா: யாரு, ப்ரூயிட்டா? போன பல்பை மாத்தச் சொன்னா, பகல்லதான் வெளிச்சம் இருக்கேம்பான். அவன் பெயிண்ட் அடிச்சானாமா.

ஷெரெல்: மழை வர்ற மாதிரி இருக்கு... இந்த மனுஷனைக் காணோமே.

வெர்னெட்டா: மழைன்னா உனக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?

ஷெரெல்: ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பள கதைய சொல்லுங்க.

வெர்னெட்டா: அவளா. வாய் ஓயாது. உன்ன மாதிரி வவுச்சர்லதான் வந்தா. வந்த அன்னிக்குத் தெருவுக்கே மீன் பொரிச்சுக் குடுத்தா, என்னமோ கோட்டைய விலைக்கு வாங்கினவ மாதிரி. அப்புறம் மழை வந்துச்சு. கிச்சன் சுவர் கருப்பா பூத்துருச்சு.

ஷெரெல்: பூஞ்சையா...

வெர்னெட்டா: உனக்குத் தெரியாத மாதிரியே கேக்கறியே. மகளுக்கு ஒரே இருமல். வருஷத்துக்கு ஒருக்கா பார்க்க வர்றான்ல இன்ஸ்பெக்டரு, அவன்கிட்ட அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி மாதிரி எல்லாத்தையும் ஒப்பிச்சா. வீடு பெயிலு. ஆபீஸ் வாடகைய நிறுத்துச்சு. ப்ரூயிட் சுவரையா சரி பண்ணான்? அவளைக் கிளப்பிட்டான்.

ஷெரெல்: வேற வீடு?

வெர்னெட்டா: எல்லாத்தையும் அந்த ஒருத்தன் எடுத்துட்டானே. தவணை போச்சு, வவுச்சர் போச்சு. மகளை அவங்க அப்பன் வந்து ஒஹாயோவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்.

ஷெரெல்: இப்ப அவங்க எங்க இருக்காங்க?

வெர்னெட்டா: எவ தலையிலயாவது பாரமா உக்காந்திருப்பா. முட்டாச் சிறுக்கி... எழுந்திரு, ஆளு வந்துட்டான்.

டாக்கின்ஸ்: ஷெரெல் மேடமா? ஆபீஸ்லேர்ந்து டாக்கின்ஸ். கதவு திறந்திருக்கா? நீங்க இங்கயே இருங்க, நான் பார்த்துட்டு வந்துடறேன்.

வெர்னெட்டா: புது ஆளு. அப்ப வந்தவன் இல்ல.

ஷெரெல்: தூறுது, மிஸ் வெர்னெட்டா.

வெர்னெட்டா: சுவர் நனைய நேரமாகும். கையைப் பாக்கெட்டுல விடு.

ஷெரெல்: ...நீங்க ஏதாவது சொல்லிடுவீங்களா?

வெர்னெட்டா: பேசாம நில்லு.

டாக்கின்ஸ்: ஜன்னல் சரி. புகை அலாரம், வெந்நீர், எல்லாம் சரி. ஒண்ணுதான் இடிக்குது. கிச்சன்ல மூணு சுவரும் மஞ்சளேறிக் கெடக்கு. பக்கத்து வீட்டை ஒட்டின சுவர் மட்டும் வெள்ளையா இருக்கே?

ஷெரெல்: வீட்டுக்காரரைத்தான் கேக்கணும், சார்.

டாக்கின்ஸ்: பக்கத்து வீடு உங்களுதா, மேடம்? அந்தச் சுவர் உங்களுக்கும் பொதுதானே. ஈரம் இறங்குதா?

வெர்னெட்டா: ...

டாக்கின்ஸ்: உங்களைத்தான் கேக்கறேன்.

ஷெரெல்: மிஸ் வெர்னெட்டா...

வெர்னெட்டா: சார், இந்தத் தெருவுல எவ வீட்ல என்ன வேகுது, எவன் எப்ப வந்து எப்ப போறான், எல்லாம் எனக்குத் தெரியும். வேணும்னா யாரையும் கேட்டுப் பாருங்க. அந்தச் சுவர் கருவாடு மாதிரி காஞ்சு கெடக்கு.

டாக்கின்ஸ்: சரி. மழை வேற வலுக்குது... பாஸ்னு போட்டுடறேன். ஆபீஸ்லேர்ந்து கூப்பிடுவாங்க. வர்றேன்.

ஷெரெல்: பாஸ்... பாஸாயிடுச்சு, மிஸ் வெர்னெட்டா.

வெர்னெட்டா: அழறதுன்னா உள்ள போய் அழு. இங்க எல்லாரும் ஜன்னல்லதான் நிக்கறாளுங்க.

ஷெரெல்: நான்தான் அடிச்சேன். நேத்து ப்ரூயிட் சாவியக் குடுத்து, "உனக்கு வீடு வேணும்னா நீயே பார்த்துக்க"ன்னாரு. ரெண்டு தடவ அடிச்சேன். கருப்பு மேல வந்துக்கிட்டே இருந்துச்சு.

வெர்னெட்டா: மூணாவது தடவ அடிச்சாலும் வரும்.

ஷெரெல்: ஜமீருக்கு நெஞ்சு இழுக்குதுன்னு தெரிஞ்சே அடிச்சேன்... அந்தப் பொம்பள மாதிரி சொல்லியிருக்கணுமோ?

வெர்னெட்டா: சொல்லி என்னத்தக் கண்டா அவ?

ஷெரெல்: அவங்க மேல உங்களுக்கு ஏன் இவ்ளோ ஆத்திரம்?

வெர்னெட்டா: ...மழை நாள்ல பையனைக் கீழ படுக்க வைக்காத. மாடியில தெருப்பக்கத்து ரூம் இருக்குல்ல, அங்க படுக்க வை. என் மகளுக்கு அங்க படுத்தாத்தான் இருமல் அடங்கும்.