அண்ணனுக்குக் கீழே ஒரு வெட்டு

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டத்துப் பொதுமக்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நீளமான அட்டவணை கண்ணுக்குக் கெடுதல். மற்றவையெல்லாம் அதற்கு அப்புறம் நடந்தவை. இன்ஸ்பெக்டர் ஐயா நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

என் தங்கை ஜோதியின் மகளுக்குக் காதணி விழா. பத்திரிகையில் போட வேண்டிய சொந்தக்காரர் பெயர்களை இணையத்தில் ஓர் ஆவணம் திறந்து, ஒரே அட்டவணையாக அடித்து வைத்தேன். தலைப்பு வரிசையில் ‘தாய்மாமன் மடியில் காது குத்தும் விழா’. முதல் பெயர் அண்ணன் செல்லப்பன். அடுத்தது அடியேன் அரியமுத்து. செட்டிகுளம் தொடங்கி மீன்சுருட்டி வரைக்கும் உறவு என்பதால், செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தவர்களுக்கு விரல் வலித்தது. ஆகவே சிறு சிறு அட்டவணைகளாகப் பிரித்தேன். இதில் என்ன குற்றம்? அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். யாரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை.

எங்காவது வெட்டித்தானே ஆக வேண்டும். முதல் வெட்டு அண்ணனுக்கு நேர் கீழே விழுந்தது. பிரித்ததும் கீழ்த்துண்டுக்குத் தலைப்பு இல்லை. தலையில்லாததைச் சபையில் வைக்க முடியுமா? தலைப்பு வரிசையை நகலெடுத்து என் பெயருக்கு மேலே ஒட்டினேன். ஒரே இடத்தில் வெட்டினால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்பதால், நியாயத்துக்குக் கட்டுப்பட்டு, கீழேயும் பல இடங்களில் வெட்டி அதே தலைப்பை ஒட்டினேன்.

துண்டுக்கு ஒரு பத்திரிகையா என்று அச்சகத்துக்காரர் போனில் கேட்டார். ஆமாங்க என்று மட்டும்தான் சொன்னேன். எந்தத் துண்டில் யார் பெயரோ, அந்தப் பத்திரிகை அவர்களுக்குப் போனது. அண்ணனுக்குப் போனதில் அவர் பெயர் மட்டும், கீழே வெள்ளைத்தாள். பின்பக்கமாவது யாராவது இருக்கிறார்களா என்று திருப்பிப் பார்த்தாராம்.

விழாவன்று மண்டபத்தில் தாய்மாமன்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். மீன்சுருட்டி பூவரசன், ஜோதி வீட்டுக்காரருக்குச் சித்தப்பா, முறைப்படி பிள்ளைக்குத் தாத்தா. அவர் மேளத்தோடு சீர்த்தட்டும் ஓர் ஆடும் கொண்டுவந்து, மேடையில் சம்மணம் போட்டு மடியைத் தட்டிக் காட்டினார். அண்ணன் அவரை எழுந்திருக்கச் சொன்னார்.

“பத்திரிக்கையில எம்பேருதாங்க மொதல்ல இருக்கு, சம்பந்தி. நீங்க கீழ எறங்கி ஒக்காருங்க” என்றார் பூவரசன்.

ஜோதி என்னைத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

“எங்க சின்ன மாமனாரு எப்பண்ணா எனக்குக் கூடப்பொறந்தாரு?”

அட்டவணை பெரிசும்மா என்றேன்.

நாற்காலிகள் பறந்ததற்கு நான் பொறுப்பல்ல. அவற்றின் பெயர் எந்தத் துண்டிலும் இல்லை. அண்ணனுக்குக் கையில் மாவுக்கட்டு. மடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் மடியில் குழந்தையை உட்கார வைக்க முடியாது என்பது அவருக்கே தெரியும்.

ஒத்துக்கொள்கிறேன், அந்த முதல் வெட்டை வேண்டுமென்றேதான் போட்டேன், படிக்கிறவர்கள் வசதிக்காக. பிறந்ததிலிருந்து எல்லாவற்றிலும் அண்ணனுக்கு அடுத்த வரிசையில் நின்றவன்தான் நான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் அடித்துக்கொண்டு வெளியே போனபின் காலி மேடையில் உட்கார்ந்தேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அழாமல் உட்கார்ந்தாள். நல்ல மடி என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

காது குத்த வந்த ஆசாரி, முதல் நாற்காலி பறந்தபோதே பஸ் ஏறிப் போய்விட்டார்.