பேர் கூப்பிட முதல்

ஓம் தம்பி, தோட்டச் சங்கத்துக்குத்தான். ஸ்ரௌவ்வில் ரவுணைத் தாண்டி வடக்காலை, ஒரு பழைய கிராமத்து ஹோல். சிரியாதையும். நான் பூ நடுற ஆளில்லை. உந்தச் சங்கத்தை எனக்குக் கண்ணிலையும் காட்டக்கூடாது. ஆனா ஏழு மணிக்கு முதல் அங்கை நிக்கவேணும், ரக்சியைக் கொஞ்சம் அமத்தி ஓடும்.

அவசரம் என்னவோ? பேர் கூப்பிடுவாளவை. நூறு வருசத்துக்கு முந்தி வயல் தோட்டம் செய்த கமக்காரப் பெண்டுகள் தொடங்கின சங்கம். ரெலிபோன் இல்லாத காலம், குதிரை வண்டியிலை வந்து கூடுறவையாம். பேரைக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் தன்ரை வீட்டு வளவிலை அண்டைக்குப் பூத்து நிக்கிற பூ ஒண்டைச் சொல்லவேணும். பனிக்காலமெண்டா யன்னலடிச் சாடியிலை நிக்கிறதையும் சொல்லலாம். மறுமொழி வராட்டி, அவளுக்கு என்னவோ ஏதோ எண்டு விடியவே ரெண்டு பேர் வீடு தேடிப் போவினமாம். அப்ப சரி. இப்ப எல்லாற்றை கையிலையும் போன் கிடக்கு, இன்னும் அதையே செய்யினம்! அப்பிள் பை எண்ட பணியாரம் ஒண்டைச் சுட்டுக்கொண்டு வந்து வாசல்லை நிப்பாளவை.

நாளைக்கு உவளவை என்ரை வாசலுக்கு வரக்கூடாது. வீடு முழுக்கச் சனம். காரையும் மகன் பிரசாந் எயார்போட்டுக்குக் கொண்டு போட்டான், லண்டனிலையிருந்து மச்சான் வந்து இறங்கிறார்.

நானில்லைத் தம்பி, என்ரை மனிசிதான் மெம்பர். சந்திரவதனா. ஏ, பீ, சீ ஒழுங்கிலை கூப்பிடுவாளவை, அவவின்ரை பேர் முன்னுக்கே வந்திடும். வீட்டு ஆக்கள் ஆரும் அவவுக்காகச் சொல்லலாம், அப்பிடியொரு சட்டம். டோர்செட் பார்க் அப்பாட்மென்ரிலை இருக்கேக்கை பல்கணியிலை ரெண்டு மிளகாய்க் கண்டு வச்சிருந்த மனிசி. இஞ்சாலை வீடு வாங்கினதும் லைப்ரரியிலை உவையின்ரை நோட்டீசைக் கண்டிட்டா. தனியப் போக வெக்கமாம், என்னையும் இழுத்துக்கொண்டு போனா.

முதல் நாள் நடந்ததைக் கேளும். ஒருத்தி வாளி நிறையக் குதிரைச் சாணி கொண்டுவந்து மேசையிலை வச்சாள். எங்கை வச்சாள்? சான்ட்விச் தட்டுக்குப் பக்கத்திலை! ஆளாளுக்குக் கையை விட்டு அள்ளி, மூக்கடியிலை பிடிச்சு மணந்து பாக்கினம். நல்லா உக்கின உரமாம். பிறகு கையை உடுப்பிலை துடைச்சுப்போட்டு, அதே கையாலை முட்டைச் சான்ட்விச். சீ! நான் பச்சைத் தண்ணியும் வாயிலை வைக்கேல்லை. இவ என்ன செய்தா தெரியுமோ? தானும் அள்ளி மணந்து பாத்துச் சிரிக்கிறா. வீட்டை வந்ததும் முதல் வேலையா அவவைச் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வச்சன்.

அடுத்த கூட்டம் நத்தை. கண்டுகளைத் தின்னுற நத்தையைப் பியர் ஊத்திப் பிடிக்கிற போட்டி. செத்து ஊதின நத்தைப் போத்தலைக் கோயில் தீர்த்தம் மாதிரிக் கைமாத்திக் கைமாத்திப் பாக்கினம். அதுக்கும் கைதட்டு.

உதுகளுக்கு ஞாயமும் தெரியாது. புடலங்காய் நேரா இறங்க நுனியிலை கல்லுக் கட்டுவம்தானே? இவ கொண்டுபோன காய் மேசையின்ரை நீளம். செக்கிறற்றறி றோசலின் எண்ட கிழவி, கல்லுக் கட்டினது கள்ள வேலையாம், பரிசில்லையாம். இவ கோவிக்கவே இல்லை. அடுத்த கூட்டத்திலை அவளுக்கே விதை குடுத்தா. எனக்கெண்டாப் பத்தி எரிஞ்சுது.

அவவோ? ஒஷாவாவிலை, மகளின்ரை பிள்ளையைப் பாக்கிறா எண்டு சங்கத்திலை சொல்லி வச்சிருக்கிறன். உடனை நம்பீட்டினம்.

பேரை எடுத்துவிடச் சொல்லி ஒரு போன் அடிச்சா முடிஞ்சுதோ? முடிஞ்சுதுதான். போன பனிக்காலத்திலை எனக்குப் பக்கத்துக் கதிரைக் கிழவி ஒண்டு செத்துப்போச்சு. எல்லாரும் எழும்பி நிண்டினம், ஒரு நிமிசம்கூட இராது. றோசலின் பேனையாலை பேரை ஒரு வெட்டு வெட்டினாள். ரீ ஊத்தத் தொடங்கீட்டினம். சாணிக்கும் எனக்கு அவ்வளவு அருவருப்பு வரேல்லைத் தம்பி.

உந்தா, அந்த வெள்ளை ஹோல்தான். லைற் எரியுது, கதிரை இழுக்கிற சத்தம் கேக்குது. இன்னும் தொடங்கேல்லைப் போலை.

நாளைக்கு ஓட்டம் இல்லையெண்டா மத்தியானம் வீட்டை வாரும். என்னை ஏத்தின இடம்தான். மரக்கறிச் சாப்பாடு, பாயாசமும் இருக்கு. அவவின்ரை ஆட்டத்திவசம்.

என்ன தம்பி, இப்பிடிப் பிறேக் அடிக்கிறீர்? ஓம், அவ போய் வருசம் ஒண்டு. மாசாமாசம் வந்து அவவுக்காகப் பூச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். உவள் றோசலின் ஒருநாளும் பேரைச் சரியாச் சொன்னதில்லை, சாண்ட்ராவிலை தொடங்கி எங்கையோ போய் விழுவாள். ஆனா கூப்பிட்டிட்டு நிமிந்து பாப்பாள், மறுமொழி வருமெண்டு. எங்கடை வீட்டிலை நான் கிட்டப் போனாப் பிள்ளையள் தாயின்ரை கதையை நிப்பாட்டிப்போடுங்கள்.

சரி, இறங்கிறன். இண்டைக்குச் செவ்வந்தி. மகள் தாயின்ரை படத்துக்கு வைக்கவெண்டு பின்னேரம் பறிக்கப் போனாள். நாளைக்கு ஆய் பிள்ளை, இண்டைக்கு அது வளவிலை நிக்கட்டும் எண்டு மறிச்சுப்போட்டு வந்தனான்.