சாய்த்து வெட்டிய மூங்கில்

மூங்கில் வளர்க்க ரொம்ப மெனக்கெட வேண்டாம் ஐயா. வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, உதிர்ந்த இலையைப் பெருக்கித் தள்ளாமல் அடியிலேயே விட வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக வீட்டுக்குப் பின்னால் ஒரு புதர் வைத்திருக்கிறேன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பொழுது போக வேண்டாமா?

என் மச்சானைப் பற்றிக் கேட்டீர்கள். மனைவியின் தம்பி. பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், மூன்று வருடமாக நடு ஹாலில் கால் நீட்டிக்கொண்டிருந்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு ஆளுக்குச் சோறு போட்டால் குறைந்தா போய்விடுவோம்? ஆனால் காலையில் பல் தேய்த்துக்கொண்டே புதருக்கு வந்துவிடுவான். விளிம்பில் கிடக்கும் கல்லில் ஏறி நின்று, தொண்டையின் அடியிலிருந்து கறகறவென்று இழுத்துத் துப்புவான். மூக்கைச் சிந்தி, விரலை மூங்கில் தண்டிலேயே தேய்ப்பான். அது காய்ந்து பொருக்குத் தட்டி ஒட்டியிருக்கும். சொல்லும்போதே குமட்டுகிறது, மன்னிக்கவும். தினமும் ஈரத்துணியால் நான்தான் துடைத்தேன்.

குருத்து வருடத்துக்கு ஒரு பருவம்தான் முளைக்கும். நுனி ஒடிந்தால் அதன் கதை அத்தோடு முடிந்தது. இந்த வருடம் ஒன்பது வந்தது. ஏழு குருத்துகளை மிதித்தே கூழாக்கிவிட்டான். நல்லபடியாகத்தான் எடுத்துச் சொன்னேன். வாய் நிறைய நுரையோடு சிரித்தான், என் சட்டையில் தெறித்தது.

"புல்லுதானே மாமா, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க?"

மனைவியும் தம்பி பக்கம்தான் பேசினாள். மீதி இரண்டு குருத்தையாவது காப்பாற்ற வேண்டும், எனக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான்.

வெட்டைப் பற்றி நீங்கள் கவனித்தது சரி. முற்றிய மூங்கிலைக் கணுவுக்குச் சற்று மேலே மட்டமாக அறுக்க வேண்டும். சாய்த்து வெட்டினால் முனை ஈட்டி மாதிரி நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செய்கிற தப்பு அது. பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. போன வாரம்தான், அந்தக் கல்லுக்கு நேர் எதிரே மூன்றை இரண்டு சாண் உயரம் விட்டுச் சாய்த்து வெட்டினேன். மேலே இலையைக் குவித்தேன். கல்லின் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றியது மறுநாள் காலையில்.

அவன் விழுந்தபோது அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். குடித்து முடித்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு குருத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். தாடையெல்லாம் எச்சில் நுரை. தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினான்.

வெறும் கையால் தொட எனக்கு உடம்பு கூசியது. ரப்பர் கையுறை எடுத்துவர உள்ளே போனேன். வீடு முழுக்க அரை மணி நேரம் தேடினேன். அவனைத் தூக்கத்தான் தேடினேன் ஐயா, அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கையுறை எப்போதும் பின்கதவு ஆணியில்தான் தொங்கும் என்று என் மனைவி சொல்லியிருப்பாள். அதுவும் உண்மைதான்.