முப்பத்தெட்டாம் நாள் பூஜ்யம்

— பூஜ்யமா? மறுபடியும் பூஜ்யமா? பாட்டிலை நல்லா மோந்து பாருங்க, ஹாஜி.

— மோந்தாச்சு டாக்டரம்மா. அருமையான சரக்கு. குடிக்கத்தான் தோணல. அப்புறம், ஹாஜின்னு கூப்பிடாதீங்க. நான் வெறும் புவாஸா. என் டாக்ஸி மக்கா பக்கம் போனதே இல்ல. போனதெல்லாம் துறைமுகத்து பார் பக்கந்தான்.

— காசாபிளாங்கால பெரியவங்களை அப்படித்தான் கூப்பிடணும்னு சொன்னாங்க. சரி, மக பேசினாளா?

— எங்க பேசறா. போன நோன்புப் பெருநாள்ல மூடின கதவு.

— பேசுவா. இப்ப கண்ணை மூடுங்க. சாயங்காலம். பார்ல உங்க கூட்டாளிங்க. கிளாஸ்ல ஐஸ். ஆசை பத்துக்கு எவ்வளவு?

— பூஜ்யம். கூட்டாளிங்க எவனும் இப்ப அங்க இருக்கமாட்டானே.

— இந்த டாக்டர் இஹ்ஸான் ஜெயிச்சுட்டா போங்க. பாட்டிலைக் காட்டிக் காட்டியே ஆசையை மழுங்கடிக்கலாம்னு சொன்னதுக்கு பிரஸ்ஸல்ஸ்ல என் பேராசிரியர் சிரிச்சார். இப்ப பன்னிரண்டு பேரும் முப்பத்தெட்டு நாளா ஒரு சொட்டு தொடல. நாலு மணிக்கு அறிக்கையை அனுப்பப் போறேன்.

— அனுப்பிடாதீங்கம்மா.

— ஏன்?

— இன்னொரு பன்னிரண்டு பேரை பாட்டில் காட்டாம சும்மா கேள்வி மட்டும் கேட்டு அனுப்பினீங்களே, அவங்க என்ன ஆனாங்க?

— அதுதான் எனக்கும் புரியல. அவங்களும் நிறுத்திட்டாங்க. கேள்வி கேட்டாலே குணமாயிடும் போலிருக்கு.

— உங்க வீட்டுல யாராச்சும் குடிப்பாங்களா?

— சேச்சே. அந்த வாடையே கிடையாது.

— அதான் உங்களுக்குத் தெரியல. நாளைக் கழிச்சு ரமலான் நோன்பு ஆரம்பம். அதுக்கு நாற்பது நாள் முன்னாடியே இந்த ஊர்க் குடிகாரன் அத்தனை பேரும் கிளாஸைக் கவுத்து வச்சிடுவான். உடம்புல மிச்சம் இருந்தா நோன்பு செல்லாதுன்னு நம்பிக்கை. பார்க்காரனே ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்.

— இருபத்திநாலு பேர்ல ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே.

— நீங்க கேக்கலையே. ஏன் குடிக்கிறேன்னு நாற்பத்தொரு கேள்வி வச்சீங்க. ஏன் குடிக்கலைன்னு ஒண்ணுகூட வைக்கல.

— போச்சு. ஆறு மாச உழைப்பு மண்ணாப் போச்சு. பெருநாளுக்கு அப்புறம் என்ன ஆகும்?

— பார் வாசல்ல வரிசை நிக்கும். போன வருஷம் முதல் ஆள் நான்தான். வீட்டுக்குப் போனது மூணாம் நாள். மக கதவைத் திறக்கல.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வாரா வாரம் வந்து எதுக்கு மோந்தீங்க? என்னைக் கிண்டல் பண்ணவா?

— சத்தியமா இல்லம்மா. பதினஞ்சு வருஷமா பெருநாள் எப்ப வரும், எப்ப வரும்னு விரல் விட்டு எண்ணினவன் நான். இந்த வருஷம் வந்துடுமோன்னு பயமா இருக்கு. அந்த பயத்துக்கு உங்க ஃபாரத்துல பத்துக்கு எத்தனை போடறது?